பகலில் பார்த்த வெள்ளி

ஜெயந்தி ஊசியையும் நூலையும் நீட்டினாள். லோஷினி வாங்கினாள். எங்கள் வீட்டில் அன்றாடம் நடக்கிற காரியம்தான். என் மனைவி பிரிக்பீல்ட்ஸில் பலருக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். சில வருடங்களாக ஊசிக்காது அவள் கண்ணுக்கு அகப்படுவதில்லை. மகள் கோத்துக் கொடுப்பாள். ஒரே குத்து, நூல் அந்தப் பக்கம் போய்விடும்.

அன்று மாலை நூல் போகவில்லை. ஊசிக்குப் பக்கத்தில் போய்ப் போய்க் காற்றைக் குத்தியது.

“என்னடி விளையாட்டு? கஸ்டமர் வந்துட்டே இருக்காங்க.”

“ம்மா, இந்த ஊசிக்குக் காதே இல்லம்மா.”

“காதில்லாத ஊசிய நான் என்னாத்துக்கு வச்சிருக்கேன், காது குத்தவா?”

லோஷினி சிரிக்கவில்லை. வலது கண்ணைப் பொத்தினாள். நூல் உடனே போனது. அதை உருவிவிட்டு இடது கண்ணைப் பொத்தினாள். ஊசியைத் தூரத்தில் பிடித்தாள், கிட்டத்தில் பிடித்தாள், விளக்குக்கு நேரே பிடித்தாள். பிறகு மெதுவாகத் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது.”

நான் அப்போதுதான் கிள்ளான் துறைமுகத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கி, ஒரு காலில் சப்பாத்தைக் கழற்றியிருந்தேன். மறு காலில் அது அப்படியே இருந்தது. அதோடுதான் அன்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்வரை நின்றிருக்கிறேன் என்று பிறகு ஜெயந்தி சொன்னாள்.

சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் துறைமுக அனுபவங்களை எழுதி வருகிறேன். பிறர் சரக்கைச் சுங்கத்திலிருந்து மீட்டுக் கொடுப்பது என் தொழில். மிளகாய்த் தூள் கொள்கலன் உடைந்து ஒரு துறைமுகமே தும்மிய கதையைத்தான் இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். எழுத உட்கார்ந்தால் கை அந்த ஊசிப் பக்கமே போகிறது. நடந்து சில மாதங்கள் ஆகின்றன. மழைக்காலம் தொடங்காத சமயம் என்பது மட்டும் நினைவிருக்கிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விக்டோரியா காலத்துக் குழல்

லோஷினி பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். கடைசி ஆண்டு. ஆய்வுக்கு அவள் எடுத்த தலைப்பைக் கேட்டு என் சகோதரர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: “அதுக்கு வேலை கிடைக்குமா?”

விக்டோரியா ராணி கிழவியாகிவிட்ட காலத்தில் இங்கிலாந்தில் வீட்டுக் கொல்லையில் நின்று வானத்தைப் பார்த்தவர்களைப் பற்றிய ஆய்வு அது. விஞ்ஞானிகள் இல்லை. பாதிரியார்கள், துணி வியாபாரிகள், பள்ளி வாத்தியார்கள், கணவன் தூங்கிய பிறகு வெளியே வந்து நின்ற பெண்கள். பகலெல்லாம் தங்கள் வேலையைச் செய்துவிட்டு, கை நீளப் பித்தளைத் தொலைநோக்கிக் குழல் ஒன்றை முக்காலியில் நிறுத்திச் சந்திரனையும் கோள்களையும் பார்த்தார்கள். பார்த்ததை வரைந்தார்கள். சங்கம் வைத்துச் சண்டையும் போட்டார்கள். மலாயாவுக்கு வந்த துரைமார் சிலர் அப்படி ஒரு குழலைப் பெட்டியில் கொண்டுவந்திருப்பார்கள் என்பது லோஷினியின் ஊகம். ஆதாரம் தேடிக்கொண்டிருந்தாள்.

ஆதாரம் கிடைப்பதற்கு முன்னால் குழல் கிடைத்துவிட்டது. பெட்டாலிங் ஜெயாவில் ஞாயிறு காலை கூடும் பழைய பொருள் சந்தையில், கிராமபோன் ஊதுகுழல்களுக்கும் மண்ணெண்ணெய் விளக்குகளுக்கும் நடுவில் கிடந்தது. லண்டனில் செய்தது. செய்தவர் பெயர் தேய்ந்து இரண்டு எழுத்து மட்டும் மிச்சம். விலையைச் சொல்ல மாட்டேன். ஜெயந்தியும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் முன்பக்க லென்ஸின் ஓரமெல்லாம் பூஞ்சை. நம் ஊர்ப் புழுக்கம் யாரை விட்டது? சிலந்தி வலைபோல வெள்ளையாகப் படர்ந்திருந்தது. துடைத்தால் கண்ணாடி கெட்டுப்போகும் என்றாள் லோஷினி. கறுப்பு அட்டையை வட்டமாக வெட்டி, நடுவில் சின்னத் துளை போட்டு, லென்ஸின் வாயில் பொருத்தினாள். பூஞ்சை மறைந்தது. அந்த அட்டையைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார் என்பது பின்னால் வரும்.

பெட்டிக்குள் இன்னொன்றும் இருந்தது. நகத்தளவு கறுப்புக் கண்ணாடி. அந்தக் காலத்தில் கண் வைக்கும் முனையில் அதைத் திருகிக்கொண்டு நேரே சூரியனைப் பார்ப்பார்களாம். குழல் குவித்த வெப்பத்தில் கண்ணாடி படீரென்று வெடிக்கும். அப்படிக் கண் போனவர்களும் உண்டாம். இதை எனக்குச் சொன்னவளே லோஷினிதான். சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் பிளாஸ்டர் சுற்றிக் குப்பையில் போட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

நான் பயந்தாங்கொள்ளி. வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவன். அதனால் ஒரு நிபந்தனை போட்டேன். சூரியன் என்றால் காகிதத்தில்தான் பார்க்க வேண்டும். வெயில் நேரத்தில் புதிதாக எதைப் பார்ப்பதென்றாலும் நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒப்புக்கொண்டாள். ஞாயிறு காலைகளில் எங்கள் அடுக்குமாடியின் மொட்டைமாடியில் குழலை வெயிலுக்குத் திருப்பி, பின்னால் வெள்ளை அட்டையைப் பிடிப்போம். சூரியன் அட்டையில் ஓர் உளுந்து வடை அளவுக்கு விழும். அதில் கடுகு கடுகாகக் கரும்புள்ளிகள். அவள் பென்சிலால் சுற்றி வரைவாள். அட்டை ஆடாமல் பிடிப்பது என் வேலை. என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் வேறு எதையும் பிடித்ததில்லை.

தண்ணீர்த் தொட்டியின் நிழல்

ஊசியில் நூல் போகாத அந்த நாள் ஒரு புதன்கிழமை. காலையில் நான் துறைமுகத்தில் இருந்தேன். நடந்ததை லோஷினி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மேல்மாடி மணியம் அண்ணனும் பாதி சொன்னார்.

வெள்ளிக் கோள் பகலிலேயே தெரியும் என்பது எனக்குத் தெரியாது. பகலில் நட்சத்திரம் தெரிகிறது என்று யாராவது சொன்னால், யாரிடமோ நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பேன். ஆனால் அந்தக் கொல்லைப்புறக்காரர்களுக்கு வெள்ளியைப் பார்க்கப் பகல்தான் பிடிக்குமாம். இருட்டில் அதைப் பார்த்தால் கண் கூசும். நீல வானத்தில் பிறை போலவோ பாதி நிலா போலவோ அதன் உருவம் சுத்தமாகத் தெரியும். சூரியன் பக்கத்தில் இருக்குமே என்றால், அதற்கும் வழி வைத்திருந்தார்கள். வீட்டின் நிழலில் நின்றுகொள். சுவர் சூரியனை மறைக்கும். சுவருக்கு மேலே தேடு.

லோஷினி இதை ஒரு பழைய கையேட்டில் படித்தாள். மொட்டைமாடியில் சுவர் இல்லை, தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதன் நிழலில் முக்காலியை வைத்தாள்.

மணியம் அண்ணன் அந்த நேரத்தில் அங்கே இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயிண்ட் டின்களில் கறிவேப்பிலை வளர்க்கிறார்.

“என்னா லா பகல்ல தேடுறே?”

“வெள்ளி, அங்கிள்.”

“அடடே. பென்ஷன் வாங்குனதுலேர்ந்து நானும் அதத்தான் தேடுறேன். கிடைச்சா எனக்கு ஒரு அம்பது வெள்ளி குடு.”

“கிடைச்சா கூப்பிடுறேன் அங்கிள்.”

“நோட்டா இருந்தா கூப்பிடு. சில்லறைன்னா நீயே வச்சுக்க.”

அவர் தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அவள் தேடிக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் வெறும் நீலம். பிறகு திடீரென்று அகப்பட்டது.

“எப்படி இருந்துச்சு?” இதை நான் பல நாள் கழித்துத்தான் கேட்டேன். கேட்க மனம் வரவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

“பள்ளிக்கூட நீலச் சட்டையில ஒரு சோத்துப் பருக்கை ஒட்டிக்கிட்டா எப்படி இருக்கும், அப்படி. ஆனா பாதிப் பருக்கை. ஓரம் அவ்ளோ சுத்தம் அப்பா. நூறு வருஷத்துக்கு முன்னால அவங்க பாத்தது இதேதான்னு நெனச்சேன். கை நடுங்கிடுச்சு.”

கை நடுங்கியதில் குழல் அசைந்தது. வெள்ளி நழுவிவிட்டது. மறுபடி தேடினாள். இடம் வலம், மேலே கீழே.

கையேட்டை எழுதியவரின் சூரியன் இங்கிலாந்துச் சூரியன். பெரும்பாலும் தாழ்ந்து, பக்கவாட்டில் போகிற சூரியன். அங்கே வீட்டு நிழல் தோட்டத்தில் நீளமாகப் படுத்திருக்கும். நம் சூரியன் நேரே தலைக்கு மேல் ஏறுகிறவன். அவன் ஏற ஏறத் தொட்டியின் நிழல் கீழே இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. லோஷினியின் முகத்தில் வெயில் படவில்லை. பட்டிருந்தால் விலகியிருப்பாள். அவள் முகத்தைவிட உயரத்தில், மேல் நோக்கி இருந்த குழலின் வாய்தான் முதலில் நிழலைவிட்டு வெளியே வந்தது. அதை அவள் பார்க்கவில்லை. வெள்ளியைத் தேடிக் குழலைக் கீழே இறக்கினாள். தொட்டி விளிம்புக்கு மேல் வந்துவிட்ட சூரியன் குழலுக்குள் விழுந்தான்.

கண்ணுக்குள் ஒரு வெண்மை. அவ்வளவுதான் என்றாள். வலி இல்லை, சத்தம் இல்லை. தலையை இழுத்துக்கொண்டாள்.

இல்லாத கால்வாய்கள்

காலையில் நடந்ததை ஏன் மாலைவரை சொல்லவில்லை? எனக்கு அதுதான் தாங்கவில்லை. பயந்து மறைத்தாள் என்று நினைத்தேன். அவள் சொன்ன காரணம் வேறு.

அவளுடைய ஆய்வின் பெரிய பகுதியே கண் செய்யும் மோசடிகளைப் பற்றியது. அந்தக் காலத்தில் செவ்வாய்க் கோளில் கோடு கோடாகக் கால்வாய்களைப் பார்த்தவர்கள் உண்டு. பொய்யர்கள் இல்லை. பார்த்ததாக நம்பினார்கள், ஒழுங்காக வரைந்தார்கள். அப்படி எதுவும் அங்கே இல்லை. சிதறிய புள்ளிகளைக் கோடாக இழுத்தது அவர்கள் கண்தான். வெள்ளியின் இருண்ட பாதி சாம்பல் நிறத்தில் மினுங்குவதாகச் சொன்னவர்களும் உண்டு. அது என்ன என்பது இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

இதையெல்லாம் படித்துப் படித்து, கண் சொல்வதை எளிதில் நம்பக் கூடாது என்று பழகிவிட்டாள். அன்று பார்வையின் நடுவில் ஒரு சாம்பல் புள்ளி நின்றதும் அவள் மனம் அதைத்தான் சொல்லியிருக்கிறது. பிரகாசமானதைப் பார்த்த கண்ணில் நிழல் தங்கும், தானாகப் போய்விடும். மதியம் சாப்பிட்டாள். மடிக்கணினியில் எழுத்து விட்டுவிட்டுத் தெரிந்தது. களைப்பு என்று நினைத்தாள். கொஞ்சம் தூங்கினாள்.

“கால்வாய் மாதிரிதான் அப்பா நெனச்சேன். இல்லாத ஒண்ண பாக்குறேன்னு.”

இல்லாத ஒன்றை அவள் பார்க்கவில்லை. இருந்த ஒன்று பொசுங்கியிருந்தது.

ஒரே சொல், இரண்டு நாள்

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் காரில் நான் கத்தினேன். கத்த மாட்டேன் என்று சொல்லவில்லையே. அவள்தான் கத்தக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள்.

“நான் இல்லாம வெயில்ல பாக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லயா?”

“கேட்டேனே அப்பா. காலைல கேட்டேன். நீங்க சரின்னீங்க.”

“நான் எப்போ சரின்னேன்?”

பின்சீட்டிலிருந்து அவள் கைப்பேசியை ஜெயந்தியிடம் கொடுத்தாள். ஜெயந்தி குரல் பதிவைப் போட்டாள். முதலில் லோஷினியின் குரல்: “அப்பா, வெள்ளி பகல்ல பாக்கலாமா?” அடுத்து, லோரிகளின் இரைச்சலுக்கு நடுவில் என் குரல், பரபரப்பாக: “பாக்கலாம்மா, பாக்கலாம். கவனமா பாக்கலாம்.”

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு விடுப்பு. வெள்ளிக்கிழமை பகலில் ஏதோ பார்க்க வேண்டும் என்கிறாள், நானும் வீட்டில் இருப்பேன், நல்லதாயிற்று என்றுதான் பதில் சொன்னேன். அவள் கேட்டது கோளை. வெள்ளியை, பகலில், அன்றைக்கே. வெயிலில் புதிதாக எதையும் பார்க்கக் கூடாது என்ற அப்பா, இவ்வளவு எளிதில் சரி சொல்லிவிட்டாரே என்று சந்தோஷப்பட்டாளாம்.

இங்கிலீஷ் பேசுகிற வீட்டில் இது நடந்திருக்காது. நமக்கு வானம் ஏழு கிழமையாக வந்து போகிறது. நாட்காட்டியில் செவ்வாயைக் கிழிக்கிறோம், புதனைக் கிழிக்கிறோம். இந்த ஊரில் காசுக்கும் வெள்ளிதான் பெயர்.

“வீனஸ்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா” என்றேன்.

பதில் ஜெயந்தியிடமிருந்து வந்தது. அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. முன்னால் நின்ற சிவப்பு விளக்கைப் பார்த்தபடி சொன்னாள்.

“வீட்டுல தமிழ்ல பேசு, தமிழ்ல பேசுன்னு சின்னப் புள்ளேலேர்ந்து சொல்றீங்க. பேசிட்டா.”

யாரும் சிரிக்கவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. வந்து பாதியில் நின்றுவிடுகிறது.

துங்கு

அன்றிரவு அவசரப் பிரிவில் காலையில் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் கண் பிரிவில் எங்களைப் பார்த்தவர் இளம் மலாய்ப் பெண் டாக்டர். லோஷினியின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, ஒளி பாய்ச்சி, படம் எடுத்துப் பார்த்தார். விழித்திரையின் நடுவில் சின்னச் சூடு பட்டிருக்கிறது என்றார். குழலின் வாயில் என்ன இருந்தது என்று கேட்டார். லோஷினி அட்டையைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அந்தத் துளை இன்னும் பெரிதாக இருந்திருந்தால் நாம் இப்போது வேறு விஷயம் பேசிக்கொண்டிருப்போம் என்றார்.

எந்தக் கோயிலுக்கு வேண்டிக்கொள்வது என்று ராத்திரியெல்லாம் யோசித்தவன் நான். கடைசியில் ஒரு பூஞ்சைக்கு நன்றி சொல்ல வேண்டியதாயிற்று.

“டாக்டர், மருந்து?”

“உபாத் தக் அடா, அங்கிள். கித்த துங்கு.”

மருந்து இல்லை, காத்திருப்போம். சிலருக்குச் சில மாதங்களில் பெரும்பாலும் தெளிந்துவிடும், சிலருக்கு ஒரு புள்ளி தங்கிவிடும், இவளுக்கு எது என்று இப்போது சொல்ல முடியாது என்றார். துறைமுகத்தில் தினமும் கேட்கிற சொல்தான் துங்கு. கப்பல் வரவில்லை, துங்கு. அதிகாரி சாப்பிடப் போயிருக்கிறார், துங்கு. எத்தனை நாள் என்று கேட்காமல் அந்தச் சொல்லை நான் வாங்கிக்கொண்டது அன்றுதான்.

காத்திருப்பில் நான் நல்லவன் இல்லை. லோஷினி நான்கு வயதுக் குழந்தையாக இருந்தபோது பத்துமலைக் குகைக் கோயிலில் கொஞ்ச நேரம் காணாமல் போனாள். தைப்பூசம்கூட இல்லை, சாதாரண நாள். குகைக்குள் ஜெயந்தி அர்ச்சனைச் சீட்டு வாங்கப் போனாள். என் கையில் இருந்த குழந்தையின் கை எப்போது விட்டுப்போனது என்று தெரியவில்லை. நான் பெயர் சொல்லிக் கூவினேன். குகை என் குரலையே எனக்குத் திருப்பிக் கொடுத்தது. ஒரு புறாக் கூட்டம் பறந்தது.

உள் குகையில் கண்டுபிடித்தேன். அங்கே பாறைக் கூரை திறந்து வானம் தெரியும். அதற்கு நேர் கீழே நின்று, வாய் பிளந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாரி எடுத்தபோது, “அப்பா, ஓட்ட” என்று காட்டினாள். அழவில்லை. தான் காணாமல் போனதே அவளுக்குத் தெரியாது.

அன்று அவளை அடிக்கக் கை ஓங்கி, அடிக்காமல் விட்டேன். அது சில நிமிடம். இது மாதங்கள்.

கேட்டால் குறைந்துவிடும்

ஆஸ்பத்திரியில் ஓர் அட்டை கொடுத்தார்கள். கட்டம் கட்டமாகக் கோடு, நடுவில் ஒரு புள்ளி. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடு எங்கே வளைகிறது, எங்கே காணாமல் போகிறது என்று கவனிக்க வேண்டும். வாரம் ஒரு முறை பார்த்தால் போதும் என்றார் டாக்டர்.

லோஷினி தினமும் பார்த்தாள். பார்த்ததோடு நிற்காமல் வரைந்தாள். அந்தக் கொல்லைப்புறக்காரர்கள் செவ்வாயை வரைந்த மாதிரி, தன் கண்ணின் புள்ளியைக் காலை வெளிச்சத்தில் பென்சிலால் வரைந்தாள். விளிம்பு மங்கல், நடுவே சாம்பல், இடப்பக்கம் சற்று இழுத்திருக்கிறது. இப்படி ஒரு குறிப்பு. வரைந்து முடித்ததும் தாளைச் சுருட்டி அம்மாவிடம் கொடுத்து, கண்ணில் படாத இடத்தில் வைக்கச் சொன்னாள்.

“எதுக்கும்மா ஒளிச்சு வைக்கணும்? நேத்து வரஞ்சத வச்சுப் பாத்தாத்தானே கொறஞ்சிருக்கான்னு தெரியும்?”

“நேத்து வரஞ்சதப் பாத்தா இன்னிக்குச் சின்னதா வரையத் தோணும் அப்பா. அவங்கள்ல பாதிப் பேர் அப்படித்தான் ஏமாந்தாங்க. எதிர்பாத்தா கண்ணு குடுத்துடும்.”

மறுநாள் காலையும் என்னால் வாயை அடக்க முடியவில்லை. காப்பிக் குவளையை அவள் முன்னால் வைத்துவிட்டு, யாரோ வழியில் கேட்பது போலக் கேட்டேன்.

“கொறஞ்சிருக்கா?”

“அப்பா, கேக்காதீங்க. நீங்க கேட்டா கொறஞ்சிடும்.”

இதைவிடக் கறாராக யாரும் என்னிடம் பேசியதில்லை. எனக்கு நல்ல செய்தி வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆசை தன் பென்சில் முனைக்கு வந்துவிடுமோ என்று பயந்தாள். அதன் பிறகு நான் கேட்கவில்லை. வேலைக்குப் போகிற ரயிலில் மட்டும் எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது, சுவரில் இருந்த எழுத்துகளை அவள் படிக்கத் திணறினாள். பின்னால் நின்ற நான் என்னை அறியாமல் உதட்டை அசைத்திருக்கிறேன்.

“அங்கிள், நீங்க படிக்காதீங்க லா. உங்க கண்ணுக்கு அப்பாய்ண்ட்மெண்ட் இல்ல” என்று தாதி என்னை வெளியே அனுப்பினாள். அவள் நம்ம தமிழ்ப் பிள்ளைதான், ஊர் காப்பார் பக்கம்.

கொஞ்சம் முன்னேற்றம் இருக்கிறது என்றார் டாக்டர். முழுவதும் போகுமா என்றேன். அவர் சொன்ன பதிலை நான் மறுபடி எழுத வேண்டியதில்லை.

குழல் இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. விற்றுவிடலாம் என்றேன். ஜெயந்தி விடவில்லை. அவள் படிப்பு, அவள் கண், அவளே சொல்லட்டும் என்றாள். லோஷினி இன்னும் சொல்லவில்லை. ஆய்வை மட்டும் எழுதுகிறாள், எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு.

ஒருநாள் காலை சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து இடது கண்ணைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். பார்வை என் கண்ணில் இல்லை, நெற்றிக்கு மேலே முடி தொடங்கும் இடத்தில் நின்றது. என் வழுக்கையைப் பார்க்கிறாள் என்று கூச்சப்பட்டுத் தலையைத் தடவினேன்.

“அசையாதீங்க. இப்போதான் உங்க கண்ணு தெரியுது.”

மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறைந்துவிடுமாம். அதன் பக்கத்தில் வெற்றிடத்தைப் பார்த்தால் ஓரக்கண்ணில் தெரியுமாம். அந்தக் காலத்தவர்கள் எல்லாரும் இதைப் பழகியிருந்தார்கள் என்றாள். நேரே என் முகத்தைப் பார்த்தால் முகத்தின் நடுவே சாம்பல். நெற்றியைப் பார்த்தால் நான் இருக்கிறேன்.

அதிலிருந்து தினமும் காப்பிக்கு முன்னால் இது ஒரு வழக்கமாகிவிட்டது. அவள் கண்ணைப் பொத்துவாள். நான் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி அசையாமல் உட்காருவேன். எதுவும் கேட்க மாட்டேன். அவள் பார்வை எங்கே நிற்கிறது என்று மட்டும் கவனிப்பேன். புள்ளி சிறுத்தால் அது என் கண்ணை நோக்கி இறங்கும். பல வாரம் முடியோரத்திலேயே இருந்தது. பிறகு நெற்றி நடுவுக்கு, நான் திருநீறு வைக்கும் இடத்துக்கு வந்தது. என் கண்ணும் ஆசைப்பட்டுப் பொய் சொல்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். ஜெயந்தியைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொன்னேன். ஆமாம், இறங்கியிருக்கிறது என்றாள்.

நேற்றுக் காலை புருவத்தில் நின்றது. எவ்வளவு நாள்தான் அடக்குவது?

“எங்கம்மா பாக்குறே?”

“புருவத்துல. வலது புருவம்.”

“இன்னும் ஒரு விரக்கடை கீழ இறங்கிப் பாரேன்.”

அவள் முயன்றாள். அந்தக் கண் மெல்ல என் கண்ணை நோக்கி வந்தது. வந்து, ஏதோ தட்டியது போல நின்று, மறுபடி மேலே போனது.

“இல்லப்பா. இறங்குனா நீங்க மறஞ்சிடுறீங்க.”

“சரிம்மா” என்றேன். “அப்போ அங்கயே இரு.”